மழை ராத்திரிகளில் அத்தை தூங்கமாட்டார்

என் மாமியாருக்கு இப்போது 72 வயது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினாறு வருஷங்கள் ஆகின்றன. இத்தனை வருஷத்தில் அத்தை ஒரு நாள்கூடப் பட்டுப்புடவை கட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கே சுங்குடிச் சேலையில்தான் வந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா இப்படியா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் முணுமுணுத்தது இன்னும் நினைவிருக்கிறது. கேட்டால், "பட்டு எனக்குச் சேராது கண்ணு" என்பதோடு சரி. என் நாத்தனார் அதைக் கஞ்சத்தனம் என்பாள். மாமனார் இருந்தவரைக்கும், "புழுவைக் கொன்னு எடுக்கற நூலை உங்க அத்தை தொடமாட்டா. அவ்வளவு இளகின மனசு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, மழை. ஓசூர்க் குளிரில் மழை ராத்திரி என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அத்தை மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பெருமழை கொட்டினால்கூடப் பரவாயில்லை. சன்னமாக, சரசரவென்று இலைமேல் விழுகிறதே, அந்தத் தூறல்தான் ஆகாது. கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, விடிகிற வரைக்கும் எதையாவது மடித்துக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருப்பார்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று 2025 ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுது. ஊர்ப் பேரு, வீட்டுப் பேரு போடாதே. ஆனா வயசைப் போடு. இந்த வயசுல போய்க்கூட வைத்தியம் பண்ணிக்கலாம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அதனால்தான் முதல் வரியிலேயே வயதைப் போட்டேன்.

அத்தை பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய கிராமத்தில். அப்போது அது சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. ஜில்லா மாறினாலும் அந்தப் பக்கத்துப் பேச்சு மாறவில்லை. வீட்டுக்குள்ளே கன்னடம், சந்தையில் தெலுங்கு, கச்சேரியில் தமிழ். அத்தை மூன்றாம் வகுப்பு வரை படித்ததும் கன்னடத்தில்தான். பதினேழு வயதில் கிருஷ்ணகிரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர் சிப்காட்டில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது மாமனாருக்கு ஒன்றில் வேலை கிடைத்து, குடும்பம் இங்கே வந்தது. அன்றிலிருந்து வீட்டில் தமிழ் மட்டும்தான். அத்தையின் தாய்மொழி வேறு என்பது எங்களுக்கே மறந்துபோய்விட்டது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

2024-இல் என் மகளுக்கு, நாங்கள் பாப்பா என்றே கூப்பிடுகிறோம், ஒன்பது வயதாயிற்று. அந்த வருஷத்தில்தான் அத்தை மாற ஆரம்பித்தார். ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. முகாம் என்று பொய்யாக ஒன்றை நடத்தி, சிறுமிகளிடம் கொடுமையாக நடந்துகொண்ட சமாசாரம் வெளியே வந்தது. எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். டி.வி.யில் அந்தச் செய்தி வந்தாலே அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதற்கப்புறம் மழையே இல்லாத ராத்திரிகளிலும் தூக்கம் போயிற்று. பாப்பா தூங்கும் அறை வாசலில் பாயைக் குறுக்கே போட்டுக்கொண்டு படுத்தார். டியூஷன் வாத்தியார் வந்தால், கூடத்தில்தான் பாடம், கதவு திறந்திருக்க வேண்டும், எதிரே அத்தை முறத்தோடு உட்கார்ந்திருப்பார். (கதவைத் திறந்துவைத்துப் பாடம் நடத்துவது நல்ல வழக்கம்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான்.) லீவுக்குப் பாப்பாவை என் தங்கை வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்செடுத்தபோது, அத்தை சாமி அறையில் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை.

இதற்கு ஆளுக்கொரு விளக்கம். "அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிக்குது" என்றார் என் கணவர். பால் பொங்கி அடுப்பு அணைந்தது இரண்டு முறை நடந்திருந்ததால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "காத்து பட்டிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். அருகிலிருந்த ஒரு டாக்டர், வயதானால் தூக்கம் குறையும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் ராத்திரி அந்த மயக்கத்தில் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை தடுமாற்றத்தையும் விழுகையையும் கொண்டுவரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று பிறகு பார்த்த டாக்டர்கள் சொன்னார்கள்.

இங்கே தை மாதம் அவரைக்காய் சீசன். முற்றிய அவரைக் கொட்டைகளை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்போம். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் குளிர்காலம் போகாது. ருசி இருக்கிற அளவுக்கு வேலையும் இருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே ஒவ்வொரு கொட்டையாக அழுத்த வேண்டும். ஒரு பேசின் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த ஒரு காலை வேளையில், பேசினிலிருந்து கண்ணை எடுக்காமல் அத்தை கேட்டார்.

"பாப்பாவுக்கு ஒம்போது முடிஞ்சிடுச்சில்ல?"

"ஆமாம் அத்தை."

"எனக்கும் அப்ப ஒம்போதுதான்."

1962 வாக்கில் நடந்தது அது. இரண்டு வருஷம் ராகி விளைச்சல் பொய்த்து, அத்தையின் அப்பா கடனில் மூழ்கியிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லைத் தாண்டி, தூரத்து உறவுக்காரர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்றார்கள். இரண்டு வேளைச் சோறு, வருஷத்துக்கு இரண்டு பாவாடை. மாட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா திரும்பிவிட்டார்.

அந்த வீட்டில் பட்டுப்பூச்சி வளர்த்தார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஆனேக்கல் வட்டாரத்தில் இது பழைய தொழில். புழு கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி நாட்களில் அதற்குப் பசி அடங்காது. நடு ராத்திரியிலும் மல்பெரி இலை கொண்டுபோய்ப் போட வேண்டும். தட்டுத் தட்டாக ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக இலையைத் தின்னும்போது, வெளியே தூறல் போடுகிற மாதிரியே சத்தம் வரும். ராத்திரி இலை போடப் போகிற வேலை அத்தைக்கு. அந்த வீட்டுப் பெரியவர், ஊரெல்லாம் கையெடுத்துக் கும்பிட்ட மனிதர், பின்னாலேயே வருவார்.

இதற்கு மேல் அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டு அம்மாளிடம் ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னதாகவும், அதற்குக் கரண்டிக் காம்பைக் காய்ச்சி முழங்கையில் சூடு வைத்ததாகவும் சொல்லி, அந்தத் தழும்பைக் காட்டினார். வடை சுடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த தழும்பு. ஒன்றரை வருஷம் அங்கே இருந்திருக்கிறார்.

நான் கையை நிறுத்தாமலே, "உங்க மேலே ஒரு தப்பும் இல்லை அத்தை. சொன்னது நல்லதாச்சு. நீங்க சொல்லச் சொல்ற வரைக்கும் யார்கிட்டேயும் வாய் திறக்கமாட்டேன்" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். பிறகு பார்த்த மனோதத்துவ நிபுணர், முதல் நாளில் வீட்டார் சொல்ல வேண்டியது அதுவே போதும் என்றார். நம்புகிறேன், உன் தப்பில்லை, ரகசியம் உன்னுடையது, இந்த மூன்றும் காதில் விழ வேண்டும். கேட்கக் கூடாதது எது என்றும் சொன்னார். "ஏன் அப்பவே சொல்லலை?" என்பது. சொன்னதற்குத்தானே சூடு!

போலீசுக்குப் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14-இல். சிறு வயதில் நடந்ததை வளர்ந்த பிறகு புகார் செய்யக் காலக்கெடு கிடையாது என்று மத்திய அரசு 2018-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் 1962-இல் நடந்ததற்கு அந்தச் சட்டம் பின்னோக்கிப் போகாது. அந்த மனிதரும் செத்து முப்பது வருஷமாகிறது. எங்கள் வீட்டில் கோர்ட்டு கச்சேரி என்ற கேள்வியே எழவில்லை. அத்தைக்கு வேண்டியிருந்தது தூக்கம்.

பெங்களூரிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற ரோட்டுக்கு ஓசூர் ரோடு என்றே பெயர். அதே ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974-இல் பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் ஒன்றாக்கி அமைத்த தேசிய நிறுவனம். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பஸ் அத்திப்பள்ளி, சந்தாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஊர்ந்து போகும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைத் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். அத்தையும், "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறே?" என்றார். "மறதி இருக்கா இல்லையான்னு பார்க்கலாம் அத்தை. தூக்கத்துக்கும் கேட்கலாம்" என்றேன். மறதி நோய் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. வந்தார்.

முதல் தடவை போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு, நாள் முழுவதும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். பெரிய கூட்டம். ஆனால் அவசரப்படுத்தவில்லை. அத்தையிடம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து, வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார்கள். சர்க்கரை, தைராய்டு, பி12, ரத்தத்தில் சோடியம் எல்லாம் பார்த்தார்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். கேட்காமல் போனாலும் வயதானவர்கள் மறதிக்காரர்கள் மாதிரிதான் தெரிவார்களாம். கடைசியில், மறதி நோய் இல்லை, தூக்கமில்லாமையும் உள்ளுக்குள் இருக்கிற பயமும்தான் கவனத்தைச் சிதறடிக்கிறது என்று சொன்னார்கள். என் கணவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நடுவில் டாக்டர் என்னையும் என் கணவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அத்தையிடம் தனியாகப் பேசினார். வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் அவர்களுக்குப் பதிலாக நாமே எல்லாவற்றையும் ஒப்பிப்பது வழக்கமாகிவிட்டது. மகன் எதிரில் எந்தத் தாய் இதைச் சொல்வாள்? அப்படி ஒரு தனிமை கிடைக்கவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

சிறிய அளவில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கூடவே பேச்சு வழியான சிகிச்சையும் வேண்டும் என்றார்கள். அதற்காக, தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த ஒரு பெண் மனோதத்துவ நிபுணரைப் பெங்களூரில் தேடிக் கண்டுபிடித்தோம். சனிக்கிழமை தோறும், தடவைக்கு ஒரு மணி நேரம்.

"எழுபது வயசுல பேசி என்ன ஆகப்போகுது?" என்று என் நாத்தனார் கேட்டாள். அவள் மட்டுமா? மனோதத்துவத்தின் பிதாமகரான பிராய்டே, ஐம்பதை நெருங்கியவர்களின் மனசு இளகாது, அவர்களுக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது என்று 1905-இல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கே ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த வயது! 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்தான், வயதானவர்கள் பழையதையே பேசிக்கொண்டிருப்பது அசட்டுத்தனம் அல்ல, வாழ்ந்த வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிற இயல்பான வேலை என்று சொன்னார். அங்கிருந்துதான் முதியவர்களுக்கான பேச்சுச் சிகிச்சை வழி பிடித்தது.

போன உடனே பழைய கதையைத் தோண்டிவிடுவார்கள் என்று நான் பயந்திருந்தேன். அப்படியில்லை. முதல் ஐந்தாறு வாரங்கள் அந்தப் பேச்சே எடுக்கவில்லையாம். உள்ளே நடப்பதை நான் கேட்பதில்லை. அத்தையாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். தூக்கத்துக்கு ஒழுங்கு, நிதானமாக மூச்சு விடுவது, பயம் வரும்போது இன்றைய நாளுக்குத் திரும்பிவருவது, இவைதான் முதலில். பாதத்தைச் சில்லென்ற தரையில் ஊன்றி, கண்ணில் படுகிற ஐந்து சாமான்களின் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை அதைச் சமையலறையிலேயே பழகினார். "ஆட்டுக்கல், அஞ்சறைப் பெட்டி, குக்கர், பால் சட்டி, மருமக" என்று சொல்லிச் சிரித்தபோது, இத்தனை மாதத்தில் அவர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு கயிறு. பிறந்த நாளிலிருந்து இன்று வரைக்குமான வாழ்க்கை அந்தக் கயிறு. அதைத் தரையில் நீளமாகப் போட்டு, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாரமும் ஓரிடத்தில் நின்று, அங்கே என்ன பார்த்தாய், என்ன வாசனை, உடம்பு என்ன செய்தது என்று நிதானமாகச் சொல்லச் சொல்லி, அதை இருந்த இடத்தில் வரிசையாகப் பொருத்துவார்கள். சிறு வயதில் பயத்தோடு பதிந்த நினைவுக்குத் தேதி கிடையாதாம். அதனால்தான் அறுபது வருஷத்துக்கு முந்தைய சத்தம், இப்போது ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரி ஆளை எழுப்புகிறது. அதற்குத் தேதி போட்டு, நடந்து முடிந்தது என்று உடம்புக்குத் தெரியவைப்பதுதான் வேலை.

ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷாவர், பிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் போரில் அடிபட்ட மக்களுக்காக வகுத்த முறை இது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் தமிழ்க் குழந்தைகளுக்கும் இதே முறையில் சிகிச்சை நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களிடம் இதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய குழுதான், ஆனாலும் முதியவர்களால் இதைத் தாங்க முடிகிறது, குணமும் தெரிகிறது என்று கண்டார்கள். எல்லோருக்கும் இதே முறைதான் என்றில்லை. சிலருக்குப் பழையதைத் தொடாமல் இன்றைய வாழ்க்கையைச் சீர்செய்தாலே போதும். கற்றறிந்தவர் துணையில்லாமல் வீட்டில் நாமே கயிறும் கல்லும் வைத்து உட்கார்ந்துவிடக் கூடாது.

அத்தையின் கயிற்றில் கன்னங்கரேலென்று பெரிய கல் ஒன்று. அது அந்தப் பெரியவருக்கான கல் என்றுதான் நிபுணரும் நினைத்தாராம். அதன் பக்கத்தில் வந்தபோது அத்தைக்குத் தமிழ் வரவில்லை. வாரக்கணக்காகத் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவர், ஐம்பது வருஷமாக வீட்டில் பேசாத கன்னடத்துக்குப் போய்விட்டார். "நன்னன்னு பிட்டு ஹோகபேட அக்கா." என்னை விட்டுட்டுப் போகாதே அக்கா.

விஷயம் இதுதான். ஒன்றரை வருஷம் கழித்து, பத்து வயது தாண்டிய அத்தையை அப்பா வந்து அழைத்துப்போனார். பெண் பெரிய மனுஷியாகிற வயசு, இனி வெளியே வைக்கக் கூடாது என்று. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார்? அதே வண்டியில் தங்கையைக் கூட்டிவந்திருந்தார். எட்டு வயது. அக்கா வண்டியில் ஏற, தங்கை வாசலில் நின்று கத்திய வார்த்தைகள் அவை. அத்தை அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தங்கை தப்பித்திருப்பாளே என்ற நினைப்புதான் அந்தக் கறுப்புக் கல். பெரியவருக்கு வைத்த கல் அதைவிடச் சின்னது!

கன்னடத்தில் பட்ட அடியைத் தமிழில் சொல்ல முடியவில்லை, பாருங்களேன். நம்முடைய எல்லைப்புற வீடுகளில் இது முக்கியமான விஷயம். பாட்டிக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமே என்று நினைத்துவிடாமல், எந்த மொழியில் அழுது வளர்ந்தார்களோ அந்த மொழி தெரிந்தவராகத் தேடுங்கள்.

அடுத்த வாரம் வரும்போது பேத்தியின் கவுன் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் அந்த நிபுணர். பாப்பாவின் நீலக் கவுனை மடித்துக் கொடுத்தேன். உள்ளே அதை மடியில் விரித்துவைத்து, "இந்த அளவுப் பிள்ளை, வண்டியையும் அப்பாவையும் அந்த வீட்டையும் எதிர்த்து என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்டாராம். அத்தை ரொம்ப நேரம் அந்தக் கவுனின் தோள்பட்டையை விரலால் அளந்துகொண்டே இருந்திருக்கிறார். திரும்பி வரும்போது, பஸ்ஸில், எலக்ட்ரானிக் சிட்டி பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றிருந்தபோது, "இத்தினியூண்டாவா இருந்தேன்? நான் என்னமோ அப்பவே பெரியவளா இருந்த மாதிரியே நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

பிள்ளைகளைப் பிறத்தியார் வீட்டுக்கு இப்படி அனுப்புவது நம் ஏழ்மையின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். பணக்கார நாடான ஸ்விட்சர்லாந்திலேயே, ஏழைப் பிள்ளைகளையும் தகப்பனில்லாப் பிள்ளைகளையும் பண்ணை வீடுகளில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். அதிகாரிகளே முன்னின்று செய்திருக்கிறார்கள். அடியும் பட்டினியும் பாலியல் கொடுமையும் பட்ட அந்தப் பிள்ளைகள் கிழவர்களும் கிழவிகளுமான பிறகு, 2013-இல் அந்த அரசாங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017-இல் அமலுக்கு வந்த சட்டப்படி ஆளுக்கு 25,000 பிராங்க் கொடுத்தது. அத்தையிடம் இதைச் சொன்னபோது பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சர்க்கார் மன்னிப்புக் கேட்டுச்சா? வாயால?" என்று இரண்டு தடவை கேட்டார்.

உடம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறு வயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டு 1998-இல் வெளியிட்டார்கள். துன்பத்தின் எண்ணிக்கை கூடக் கூட, பெரியவர்களான பிறகு இதய நோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய், மனச்சோர்வு எல்லாம் கூடியிருந்தன. நம் நாட்டில் 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். குழந்தைகளையாவது கேட்டார்கள். பாட்டிகளை யார் கேட்டார்கள்?

2025 ஆகஸ்டுக்குள் பதினான்கு தடவை போய்வந்தோம். ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறார். தூறலுக்கு இன்னும் விழிப்பு வருகிறது. ஆனால் விளக்கைப் போடுவதில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இது ஓசூரு. இது என் வீடு. எனக்கு எழுபத்திரண்டு. அவன் செத்துட்டான்" என்று சொல்வது அறைக்குக் கேட்கும். சில நாள் மறுபடி படுத்துவிடுகிறார், சில நாள் இல்லை. பாப்பா அறை வாசலில் பாய் போடுவதை நிறுத்திவிட்டார். பட்டுப்புடவை கட்டவில்லை. கட்டத்தான் வேண்டுமா என்ன?

மகனிடம் அத்தையே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்து, அத்தையின் காலடியில் உட்கார்ந்து அந்த முழங்கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். இப்போது சனிக்கிழமைகளில் லீவு போட்டு அவரே அழைத்துப்போகிறார்.

செலவைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். எங்களுக்குத் தடவைக்கு 1,200 ரூபாய், பஸ் தனி. அரசு நிறுவனங்களில் இதைவிட மிகக் குறைவு. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்கிற செலவு உங்கள் பாலிசியில் உண்டா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு, 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கேயும் போக முடியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண்ணான 14416-க்குப் போன் செய்யலாம். கட்டணமில்லை, ராப்பகல் உண்டு, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். முதியவர்களுக்கான உதவி எண் 14567. இன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

தீபாவளி முடிந்து, அத்தை தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். சின்னம்மா வாழ்க்கைப்பட்டது கனகபுரா பக்கம். இருவரும் வருஷத்துக்கு இரண்டு கல்யாணத்திலாவது சந்தித்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அறுபது வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சின்னம்மாவுக்கும் அங்கே அப்படி நடந்ததா என்பதே அத்தைக்குத் தெரியாது. சின்னம்மா வலியச் சொல்லாவிட்டால் கேட்டு வற்புறுத்தக் கூடாது, உன் பாரத்தை மட்டும் சொல் என்று நிபுணர் அனுப்பியிருந்தார்.

சாப்பாடு ஆன பிறகு சகோதரிகள் இருவரும் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் சின்னம்மாவின் மருமகளும் முன்பக்கம் வாழையிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர்கள் மாதிரி இருந்தோம். கன்னடத்தில் அத்தையின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வெகுநேரம் கழித்து நான் காபி கொண்டுபோனபோது, இருவரும் ஒரே பாயில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மாவின் முகம் வீங்கியிருந்தது. நடந்ததா இல்லையா என்று அவர் அத்தையிடமும் சொல்லவில்லையாம்.

டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த டாக்டரம்மா தடவைக்கு எவ்வளவு வாங்கறாங்க?"

சொன்னேன். அரசாங்க இடத்தில் குறைவு என்பதையும் சொன்னேன்.

"சனிக்கிழமையா?" என்றார். "எம் பையனுக்குச் சனிக்கிழமை டூட்டி. யோசிக்கிறேன்."